எல்எம்ஏ போட்டாயிற்று, காற்றுதான் போகவில்லை: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

“மேடம், எல்எம்ஏ நல்லதா, ஐ-ஜெல் நல்லதா?” மயக்கவியல் படிக்க வரும் ஒவ்வொரு புது மாணவரும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுகிறார். மயக்கத்தில் இருப்பவருக்குக் காற்றுப் போக வாய் வழியே தொண்டையில் வைக்கும் சாதனங்கள் இவை; எல்எம்ஏ என்பது லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே, மாஸ்க் என்று சுருக்கிச் சொல்வதும் இதைத்தான். எல்லாச் சாதனமும் ஏதோ ஒரு விதத்தில் மக்கர் செய்யும். எது எப்படி மக்கர் செய்யும் என்று தெரிந்தவர் கையில் எல்லாமே நல்லதுதான். அதனால் ஒப்பீட்டைத் தனியாக எழுதாமல், கோளாறு வரும் இடத்திலேயே சேர்த்து எழுதுகிறேன். இவற்றைப் போடப் பயிற்சி பெற்றவர்களுக்கும், பக்கத்தில் நின்று கை கொடுக்கும் ஓ.டி. டெக்னீஷியன்களுக்கும் ஆனது இது.

கையில் இருப்பது எது?

குரல்வளையின் வாயிலைச் சுற்றி உட்கார்ந்து அதை மூடிக்கொள்வதுதான் இந்தக் குடும்பத்தின் வேலை. மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகாது. 1981-இல் லண்டனில் ஆர்ச்சி பிரெயின் என்ற மயக்க மருத்துவர், பல் சிகிச்சையில் பயன்பட்ட கோல்ட்மேன் முகமூடியின் ரப்பர் வளையத்தை எடுத்து ஒரு குழாயோடு ஒட்டி முதல் மாதிரியைச் செய்தார். 1988-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதைத்தான் இன்று கிளாசிக் என்கிறோம். சிலிக்கோனால் ஆனது, ஆட்டோகிளேவ் செய்து 40 முறை வரை பயன்படுத்தலாம். வயிற்றில் இருப்பது வெளியே வர வயிற்றுக்கென்று தனிப் பாதை இதில் கிடையாது. அதனால் முதல் தலைமுறை.

வயிற்றுப் பாதையும் சேர்ந்து வந்தால் இரண்டாம் தலைமுறை. 2000-இல் புரோசீல் வந்தது. சுப்ரீமும் ஐ-ஜெல்லும் 2007-இல் வந்தன. ஐ-ஜெல்லில் காற்று நிரப்பும் வளையமே இல்லை. குரல்வளையின் வடிவத்துக்கு வார்த்த மெத்தென்ற பிளாஸ்டிக் அது.

மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு எண் வரிசை போதும்: எவ்வளவு அழுத்தம் வரை கசியாமல் பிடிக்கும் என்பது. கிளாசிக் சுமார் 20 செ.மீ. நீர் அழுத்தம், ஐ-ஜெல்லும் சுப்ரீமும் 25-ஐ ஒட்டி, புரோசீல் நன்றாக உட்கார்ந்தால் 30 வரை. ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் வரிசை பெரும்பாலும் இதுதான். கீழே வரும் தொல்லைகளில் பாதி இந்த எண்ணை மறந்ததால் வருபவை.

“தொண்டையில் இடிக்கிறது, உள்ளே போகவில்லை”

சாதனத்தைச் சந்தேகிக்கும் முன் மயக்கத்தின் ஆழத்தைச் சந்தேகியுங்கள். நோயாளி குமட்டுகிறார், விழுங்குகிறார், கடிக்கிறார் என்றால் மருந்து போதவில்லை, அல்லது போட்ட மருந்து வேலை செய்ய நீங்கள் நேரம் தரவில்லை. ஆரோக்கியமான பெரியவருக்கு மயக்க மருந்தான புரோபோஃபால் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி. வரை தேவைப்படும், முதியவருக்கும் தளர்ந்தவருக்கும் அதைவிடக் குறைவு, அதுவும் மெதுவாக. தயோபென்டோன் ஆளைத் தூங்க வைக்கும், ஆனால் தொண்டையின் எதிர்வினையை அவ்வளவாக அடக்காது. எளிய சோதனை ஒன்று உண்டு: இரண்டு கையாலும் தாடையை முன்னே தூக்குங்கள். ஆள் அசையவில்லை என்றால் போடலாம். முகம் சுளித்தாலே காத்திருங்கள்.

அடுத்தது ஜெல்லி. நீர் கலந்த ஜெல்லியைப் பின்புறத்தில், அதாவது அண்ணத்தில் உரசும் பக்கத்தில் மட்டும் தடவ வேண்டும். முன்பக்கம் அள்ளி அப்பினால் அது குரல்வளையில் விழுந்து இருமலைக் கிளப்பும்.

பிறகு கைப்பழக்கம். கிளாசிக் என்றால் காற்றை முழுதாக இறக்கி, சுருக்கமில்லாமல் தட்டையாக்கி, ஆள்காட்டி விரலால் மேலண்ணத்தோடு அழுத்திக்கொண்டே போக வேண்டும். நேராகத் தள்ளினால் நுனி மடங்கிக்கொள்ளும். மடங்கிய நுனியோடு அது உள்ளே போயும் விடும், பின்னால் வேறு வேஷத்தில் தொல்லை தரும். ஐ-ஜெல்லுக்கு வாய்க்குள் விரல் தேவையில்லை. ஆனால் அது பருமனானது. சின்ன வாயில் டான்சில் அருகே நின்றுவிடும். உதவியாளர் தாடையைத் தூக்க, நீங்கள் லேசாகத் திருப்பி இறக்கினால் பெரும்பாலும் வழி கிடைக்கும். சுப்ரீம் முன்னரே வளைந்தது. அந்த வளைவு போகும் வழியில் விட்டாலே போதும்.

நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள் பாக்கும் புகையிலையும் மென்று வாய் இறுகிப்போனவர்கள். இரண்டு விரல் நுழையாத வாயில் எந்த மாஸ்க்கும் நுழையாது. மயக்கம் கொடுத்தால் வாய் திறந்துவிடும் என்ற நம்பிக்கையும் இவர்களிடம் பலிக்காது. இது முந்தைய நாள் பரிசோதனையிலேயே பிடிபட வேண்டிய விஷயம்.

எத்தனை முறை முயலலாம்? கடினமான சுவாசப்பாதை பற்றிய அகில இந்தியச் சங்கத்தின் 2016 வழிமுறை இரண்டு முறை என்கிறது. பிரிட்டனின் 2015 வழிமுறை மூன்று வரை விடுகிறது. என் கணக்கு இரண்டு. நடுவே முகமூடியால் ஆக்சிஜன் கொடுக்காமல் இரண்டாவது முயற்சிக்குப் போகாதீர்கள், முதல் முயற்சியில் செய்ததையே அப்படியே திரும்பவும் செய்யாதீர்கள். அளவையோ, சாதனத்தையோ, மயக்கத்தின் ஆழத்தையோ, ஏதாவது ஒன்றை மாற்றுங்கள்.

“உள்ளே போனது, ஆனால் பேக் கல்லாக இருக்கிறது”

பேக் என்பது கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை; அது அமுங்க மறுக்கிறது. இதில்தான் அவசரம் அதிகம், தப்பும் அதிகம்.

முதலில் கேப்னோ திரையை, அதாவது வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் திரையைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு அலை வரவில்லையா? காற்று போகவில்லை, அவ்வளவுதான். ஆக்சிஜன் அளவு 99 காட்டுகிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். அந்த எண் உண்மையைச் சொல்லத் தாமதமாகும். 100 சதவீத ஆக்சிஜனுக்கு மாறுங்கள். பிறகு தாடையைத் தூக்குங்கள். தூக்கியதும் அலை வந்தால், குரல்வளை மூடி கீழே மடிந்திருக்கிறது அல்லது குரல்நாண்கள் நெருங்கியிருக்கின்றன என்று பொருள்.

மூடி மடிந்ததைச் சரிசெய்ய ஒரு பழைய வழி உண்டு. காற்று நிரப்பிய நிலையிலேயே சாதனத்தை ஐந்து செ.மீ. போல வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளுங்கள். மடிந்த மூடி நிமிர்ந்துவிடும். கிளாசிக்கின் வாயில் குறுக்கே இரண்டு சிறு பட்டைகள் வைத்திருப்பதே இந்த மூடி உள்ளே விழாமல் தடுக்கத்தான், ஆனாலும் விழும். கிளாசிக்கில் காற்றை அதிகம் நிரப்பியிருந்தால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பொம்மிய வளையமே குரல்வளையை நெரிக்கலாம்.

தாடையைத் தூக்கியும் மேலே இழுத்துத் தள்ளியும் அசையவில்லை என்றால், குரல்நாண்கள் இறுக மூடியிருக்கலாம். சிறு அளவு புரோபோஃபால் கொடுத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நிமிடம். அதற்குள் அலை வரவில்லை என்றால் கழற்றிவிட்டு முகமூடிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, அதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றேன். பயிற்சி முடித்த புதிதில், ஒரு மருத்துவமனையில், போட்ட மாஸ்க்கைக் கழற்றி வேறு அளவு போட்டேன். அதையும் கழற்றி ஐ-ஜெல் போட்டேன். பேக் கல்லாகவே இருந்தது. கடைசியில் பார்த்தால், புது ஃபில்டரின் பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டு இணைப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. சர்க்யூட்டை, அதாவது இயந்திரத்திலிருந்து வரும் குழாய்த் தொடரைக் கழற்றி வெறும் காற்றில் பேக்கை அமுக்கிப் பார்த்திருந்தால் ஐந்து நொடியில் தெரிந்திருக்கும். வெறும் காற்றிலும் பேக் அமுங்க மறுத்தால் குற்றம் தொண்டையில் இல்லை. அன்றிலிருந்து அந்த ஐந்து நொடிச் சோதனைதான் எனக்கு முதல் படி.

அலை வருகிறது, ஆனால் சாய்வாக ஏறுகிறது, மூச்சை விட நேரமாகிறது என்றால் ஆஸ்துமா போன்ற இறுக்கமும் இருக்கலாம். மார்பில் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். இங்கே சாதனத்தை மாற்றுவதால் பயனில்லை.

“கசிகிறது”

எங்கே கசிகிறது என்று முதலில் காதைக் கொடுங்கள். வாய் வழியாகவா, வயிற்றுப் பாதை வழியாகவா, வயிற்றுக்குள்ளேயேவா? மூன்றுக்கும் மருந்து வேறு.

அளந்து பார்க்கும் முறை இது: வால்வை மூடி, நிமிடத்துக்கு 3 லிட்டர் வாயு விட்டு, அழுத்தம் எங்கே ஏறாமல் நிற்கிறது என்று பாருங்கள். 40-ஐத் தாண்ட விடாதீர்கள். அந்த எண்தான் இந்த நோயாளியிடம் இந்தச் சாதனத்தின் எல்லை. வென்டிலேட்டரில் உச்ச அழுத்தம் அதற்குக் கீழே நிற்க வேண்டும். கிளாசிக்கில் நான் 20-ஐத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் முதலில் மாற்ற வேண்டியது வென்டிலேட்டரின் அமைப்பு. ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 10 மி.லி. வைத்துவிட்டு மாஸ்க் கசிகிறது என்று திட்டுவதில் நியாயமில்லை. 6 முதல் 8 போதும்.

வாய் வழிக் கசிவுக்கு எல்லோரும் செய்வது, சிரிஞ்சை எடுத்து இன்னும் காற்று அடிப்பது. கிளாசிக்கில் இது பெரும்பாலும் கசிவைக் கூட்டும். வளையம் கல் போலாகி, தொண்டையின் வடிவத்துக்கு வளையாது. 4-ஆம் அளவுக்கு 30 மி.லி. என்று எழுதியிருப்பது உச்ச வரம்பு. அவ்வளவும் நிரப்ப வேண்டும் என்று அர்த்தமில்லை. பாதியிலேயே பலருக்கு மூடிக்கொள்ளும். அழுத்தமானி இருந்தால் 60 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் வையுங்கள். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால், அது சிலிக்கோனை ஊடுருவி வளையத்துக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். இடையிடையே அளக்க வேண்டும். நிரப்பும்போது குழாயைக் கெட்டியாகப் பிடிக்காதீர்கள். சரியாக உட்கார்ந்தால் குழாய் தானாக ஒரு செ.மீ. போல வெளியே எழும்பும், கழுத்தின் முன்பக்கம் லேசாகப் புடைக்கும். அந்த எழும்பலைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

காற்று அடிக்கத் தோன்றும்போது அளவைப் பாருங்கள். கிளாசிக்கில் 30 முதல் 50 கிலோவுக்கு 3, 50 முதல் 70-க்கு 4, அதற்கு மேல் 5. ஐ-ஜெல்லில் 30 முதல் 60-க்கு 3, மஞ்சள் நிறம். 50 முதல் 90-க்கு 4, பச்சை. அதற்கு மேல் 5, ஆரஞ்சு. இரண்டும் பொருந்தும் எடையில்தான் குழப்பம். பெட்டியில் கைக்கு எட்டியதை எடுக்காமல் ஆளைப் பாருங்கள். 55 கிலோவில் ஒல்லியான உயரமான பையனும் இருப்பான், குள்ளமான பருத்த அம்மாவும் இருப்பார். எடை கூடியவருக்கு உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுங்கள், தொப்பைக்குத் தொண்டை பெரிதாவதில்லை.

ஐ-ஜெல் கசிந்தால் காற்று அடிக்க வழியே இல்லை, அதனால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். குழாயில் உள்ள குறுக்குக்கோடு முன்பற்களின் அருகே இருக்கிறதா? மேலே எழும்பி வந்திருந்தால் உள்ளே தள்ளி, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை பிளாஸ்டர் போடுங்கள். ஐ-ஜெல் சும்மா விட்டால் எழும்பும் குணம் கொண்டது. சர்க்யூட்டின் கனம் இழுக்கிறதா என்றும் பாருங்கள். முதல் சில நிமிடம் சின்னக் கசிவு இருந்து, பிறகு தானாக அடங்குவதும் உண்டு. அடங்கவில்லை என்றால் அடுத்த அளவு.

தலையின் நிலையும் ஒரு காரணம். தைராய்டு, டான்சில் போன்ற அறுவைகளுக்குக் கழுத்தைப் பின்னே வளைத்தால் மூடல் தளரும். முன்னே வளைத்தால் இறுகும், சில சமயம் காற்றோட்டமே குறையும் அளவுக்கு.

வயிற்றுப் பாதையில் குமிழி, அல்லது ரைல்ஸ் டியூப் இறங்க மறுக்கிறது

ரைல்ஸ் டியூப் என்பது வயிற்றுக்குள் விடும் மெல்லிய குழாய். இந்த இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள். இரண்டாம் தலைமுறைச் சாதனத்தின் நுனி உணவுக்குழாயின் மேல்முனையில் செருகி நிற்க வேண்டும். பாதையின் வாயில் ஒரு துளி ஜெல்லி வைத்துப் பேக்கை அமுக்குங்கள். ஜெல்லி கொப்புளித்தால் நுனி போதிய ஆழத்தில் இல்லை, உள்ளே தள்ளுங்கள். ஜெல்லி கொப்புளிக்கவும் இல்லை, ரைல்ஸ் டியூபும் இறங்கவில்லை என்றால் நுனி பின்னால் மடிந்திருக்கிறது. கழுத்தின் அடியில், மார்பெலும்புக்கு மேலுள்ள குழியை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஜெல்லி அசைந்தால் நுனி சரியான இடத்தில் இருக்கிறது.

மடிந்த நுனியைத் தள்ளி நிமிர்த்த முடியாது. கழற்றித்தான் போட வேண்டும். மெத்தென்ற பெரிய வளையம் கொண்ட புரோசீலில் இது அடிக்கடி நடக்கும். வயிற்றுப் பாதைக்குள் பூஜி என்ற நீண்ட வழிகாட்டுக் குச்சியை விட்டு அதன் மேல் சாதனத்தை இறக்கினால் நுனி மடியாது. நிதானமான கைக்கு இதுவே சிறந்த வழி. ஐ-ஜெல்லில் மடிவது அபூர்வம், ஆனால் பாதை குறுகியது: 3, 4 அளவுகளில் 12 எண் டியூபுக்கு மேல் போகாது. 14 எடுத்து வந்து முக்கிவிட்டு, உட்காரவில்லை என்று முடிவுகட்டிய கதைகள் உண்டு. குழந்தைகளுக்கான 1-ஆம் அளவு ஐ-ஜெல்லில் வயிற்றுப் பாதையே இல்லை, தேடாதீர்கள்.

வயிறு உப்பினால் அழுத்தம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்து, டியூப் விட்டு காற்றை எடுங்கள்.

“இருபது நிமிடம் நன்றாக ஓடியது, திடீரென்று...”

சர்ஜன் என்ன செய்தார் என்று கேளுங்கள். மூல நோய்க்கு ஆசனவாயை விரித்தாரா, கருப்பை வாயை விரித்தாரா, கட்டியை இழுத்தாரா? வலி ஏறி, மயக்கம் ஈடுகொடுக்காமல், குரல்நாண்கள் மூடிக்கொள்ளும். மார்பு உள்ளிழுக்கும், வயிறு மேலே எழும், அலை குறுகும் அல்லது நின்றுவிடும். சர்ஜனை நிறுத்தச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள். 100 சதவீத ஆக்சிஜன், தொடர்ந்த மெல்லிய அழுத்தம், தாடை தூக்கல். காது மடலுக்குப் பின்னே, தாடை எலும்புக்கும் காதின் பின் எலும்புக்கும் நடுவே உள்ள குழியில் இரண்டு பக்கமும் உறுதியாக அழுத்துங்கள். புரோபோஃபால் கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுங்கள். விடாவிட்டால் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின், குழந்தை என்றால் இதயத் துடிப்பு தாழாமல் காக்கும் அட்ரோபினும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சர்ஜன் ஒன்றும் செய்யவில்லை என்றால் மாஸ்க் நகர்ந்திருக்கும். நோயாளியை மூடிய டிரேப் துணிக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், பிளாஸ்டர் வியர்வையில் கழன்றிருக்கும்.

குழாயில் பச்சை நீர்

முதலில், எந்தக் குழாய்? வயிற்றுப் பாதையில் வந்தால், அந்தப் பாதை எதற்காக இருக்கிறதோ அதைச் செய்கிறது. சாதனத்தைத் தொடாதீர்கள்; உறிஞ்சி எடுங்கள், ஏன் வந்தது என்று பாருங்கள். காற்றுக் குழாயில் வந்தால் விவகாரம் வேறு. பதறிப் பிடுங்குவது எல்லோருக்கும் வரும் முதல் உந்துதல். பிடுங்கினால் வளையத்துக்குப் பின்னால் தேங்கியது முழுவதும் குரல்வளைக்குள் போகலாம். தலைப் பக்கத்தைத் தாழ்த்தி, சர்க்யூட்டைக் கழற்றி, குழாய் வழியே உறிஞ்சி, 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, மயக்கத்தை ஆழப்படுத்துங்கள். சின்னச் சின்ன மூச்சாகக் கொடுங்கள். நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று தோன்றினால் ஸ்கோலின் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடத் தயங்காதீர்கள்.

பிரிட்டனில் 2011-இல் வெளிவந்த நான்காவது தேசியத் தணிக்கை, மயக்கத்தின்போது சுவாசப்பாதை சார்ந்த சாவுகளுக்கு முதல் காரணமாகச் சுட்டியது, வயிற்றிலிருந்து மேலே வந்தது நுரையீரலுக்குள் போவதைத்தான். இரண்டாம் தலைமுறைக்கு நான் சாய்வது அதனால்தான். ஆனால் இரண்டாம் தலைமுறையும் நிறைந்த வயிற்றுக்குக் காவல் கிடையாது. “டீ மட்டும்தான் குடித்தார்” என்று உறவினர் சொன்னால், பால் சேர்த்த டீக்கு ஆறு மணி நேரம் என்பதை நினைவில் வையுங்கள். டீயோடு இரண்டு பன்னும் போயிருக்கும் என்பது என் அனுபவம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள், எடை குறைய செமாகுளுடைடு போன்ற ஊசி போடுபவர்கள், இவர்களுக்குப் பட்டினி இருந்தும் வயிறு காலியாகாமல் இருக்கலாம். இவர்களுக்கு எந்த மாஸ்க் என்று யோசிக்காமல் டியூப் போடுங்கள்.

மயக்கம் தெளிந்து எழும்பும்போது கடிக்கிறார்

கிளாசிக்கின் குழாய் மென்மையானது. பலமாகக் கடித்தால் மூடிக்கொள்ளும். மூடிய குழாய்க்கு எதிராக ஆள் மூச்சை இழுத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். இளம் ஆண்களிடம் குறிப்பாகக் கவனம். துணியை உருட்டிக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே முதலிலேயே வைத்துவிடுங்கள், கடித்த பிறகு வைக்க முடியாது. ஐ-ஜெல்லிலும் சுப்ரீமிலும் கடிதாங்கி குழாயோடு வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவை சந்தேகமில்லாமல் மேல்.

எழும்பும் நேரத்தில் தொண்டையைக் கிண்டி உறிஞ்சாதீர்கள், கன்னத்தில் தட்டி எழுப்பாதீர்கள். சொன்னதும் வாயைத் திறக்கும்போது கழற்றுங்கள். கிளாசிக்கில் காற்றை முழுதாக இறக்காமல் எடுத்தால் வளையத்தின் மேல் தேங்கிய எச்சிலும் சேர்ந்து வந்துவிடும்.

மறுநாள்: தொண்டை வலி, குரல் மாற்றம், நாக்கு மரத்துப்போதல்

தொண்டை வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் போகும். நாக்கின் முன்பகுதி மரத்திருந்தாலோ, நாக்கு ஒரு பக்கம் இழுத்தாலோ, குரல் கம்மிப் போனாலோ, வளையம் நரம்பை அழுத்தியிருக்கிறது. அளவு பொருந்தாதது, காற்று அதிகமானது, நைட்ரஸ் ஏற்றிய அழுத்தம், நேரம் நீண்டது, இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும். வளையமே இல்லாத ஐ-ஜெல்லிலும் இது நடந்திருக்கிறது, அதனால் “ஐ-ஜெல்தானே” என்று தள்ளிவிடாதீர்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும். வார்டுக்குப் போய் நோயாளியிடம் அதை நேராகச் சொல்லுங்கள், குரல் கம்மியவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். அவருடைய சார்ட்டில் எந்தச் சாதனம், என்ன அளவு, எத்தனை முயற்சி, எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருக்கிறதா என்று அப்போது பாருங்கள். பாதி நேரம் “எல்எம்ஏ போடப்பட்டது” என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.